மெதுவாகும் கம்ப்யூட்டர் சொல்லும் சேதி

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், மதிய அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு அதற்கப்புறம் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னும் பத்து நிமிஷத்தில் உங்களில் பாதிப் பேர் 'ஹேங்' ஆகிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். என் தலைப்பும் அதுதான் என்பதால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் இங்கே பௌதிகம் படித்தவன். பிழைப்பு கம்ப்யூட்டர் ரிப்பேர். செயலாளர் போன் செய்து, "செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுங்களேன், பசங்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும்" என்றார். அதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள் சார். வீட்டு மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிற பழைய டெஸ்க்டாப்பைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை, நான் அதையே பேசுகிறேனே என்றேன்.

அந்தத் துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பெண் கல்யாண போட்டோ இருக்கும். பத்திரம், பட்டாவை ஸ்கேன் பண்ணி வைத்திருப்பீர்கள். கடைக்காரர் என்றால் பத்து வருஷக் கணக்கு. இங்கே ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கிறீர்கள், உங்கள் தீசிஸ். மெஷின் போனால் வேறு மெஷின் வாங்கலாம். இது போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால்தான் இது வெறும் ரிப்பேர் விஷயமில்லை என்று சொல்கிறேன்.

ஒரு சராசரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். 2013 வாக்கில் வாங்கிய மெஷின். இன்டெல் கோர் ஐ3, மூன்றாம் தலைமுறை பிராசஸர். 4 ஜி.பி. மெமரி. 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7. அப்புறம் இலவசமாகக் கிடைத்தபோது விண்டோஸ் 10 ஆக்கிக்கொண்டது. இந்த மாதிரி மெஷின் நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. இதைக் கொண்டு வருகிறவர் இரண்டே வார்த்தைதான் சொல்வார். "ரொம்ப ஸ்லோங்க" அல்லது "அடிக்கடி ஹேங் ஆவுதுங்க." கூடவே தீர்ப்பையும் அவரே சொல்லிவிடுவார். "வைரஸ்தான், பார்மேட் பண்ணிக் குடுத்துடுங்க."

டாக்டரிடம் போய் "எனக்கு டைபாய்டு, ஊசி போடுங்க" என்று சொல்வீர்களா? சொன்னால் அவர் போடுவாரா?

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். பழைய மெஷின் மெதுவாகிறது என்றால், பல சமயம் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. சூடு தாங்காத பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. டிஸ்க் படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது. மெமரியில் இடம் போதாமல் டிஸ்க்கில் ஓரம் கட்டி வைத்துச் சமாளிக்கிறது. ஆக மெதுவாவது ஒரு சேதி. அந்தச் சேதியைப் படிக்காமல் பார்மேட் செய்வது, காய்ச்சல் காட்டுகிறதே என்று தெர்மாமீட்டரை உடைப்பது போல.

முதலில் ஒரு பாகுபாடு. மந்தம் வேறு, உறைதல் வேறு. மந்தம் என்றால் எல்லாம் நடக்கும், தாமதமாக நடக்கும். உறைதல் என்றால் திரை அப்படியே நின்றுவிடும். உறைதலிலும் இரண்டு ஜாதி உண்டு. சிறிது நேரம் நின்று, பிறகு தானாகவே உயிர் பெற்று ஓடுவது ஒன்று. ஸ்விட்சை அணைத்தால் தவிர வழியில்லை என்று நிரந்தரமாக நிற்பது இன்னொன்று. இந்த மூன்றில் எது என்று சொல்லத் தெரிந்தாலே கால்வாசி வேலை முடிந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. மெஷின் நின்று போனதும் கீபோர்டில் கேப்ஸ் லாக் சாவியைத் தட்டுங்கள். அந்தச் சின்ன விளக்கு எரிந்து அணைகிறதா? எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, எதற்காகவோ காத்திருக்கிறது. விளக்கு அசையவே இல்லையா? இது முழு உறைதல். பெரும்பாலும் மெமரி, சூடு, மின்சாரம், போர்டு, டிரைவர் இந்தப் பக்கம் தேட வேண்டும்.

அடுத்து, பெட்டியின் முன்பக்கம் டிஸ்க் விளக்கு ஒன்று இருக்கும். மினுக் மினுக்கென்று துடிக்குமே, அதுதான். மெஷின் நிற்கும்போது அந்த விளக்கு துடிக்காமல் ஒரேயடியாக எரிந்துகொண்டே இருந்தால் சந்தேகம் டிஸ்க் மேல். ஒரேயடியாக அணைந்திருந்தால் டிஸ்க்கிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று அர்த்தம். வேறு இடத்தில் தேடுங்கள். இரண்டு விளக்கைப் பார்க்க இன்ஜினியரிங் டிகிரி வேண்டாம். வீட்டில் பாட்டிகூடப் பார்த்துச் சொல்லலாம்.

பிறகு கேள்விகள். எப்போதிலிருந்து? அதற்கு முந்தின வாரம் என்ன நடந்தது? புது பிரிண்டர் போட்டீர்களா, வீடு மாறினீர்களா, இடி விழுந்ததா? போட்டவுடனே நிற்கிறதா, அரை மணி கழித்தா? எந்த வேலை செய்யும்போது? இந்தக் கேள்விகளால் பாதி கேஸ் பெட்டியைத் திறக்காமலே முடிந்துவிடும். போட்டு இருபது நிமிஷம் கழித்துத்தான் நிற்கிறது என்றால் சூடு. மோட்டார் போடும்போது நிற்கிறது என்றால் மின்சாரம். ஒரு குறிப்பிட்ட போல்டரைத் திறந்தால் மட்டும் நிற்கிறது என்றால் டிஸ்க்கில் அந்த இடம் கெட்டிருக்கிறது.

இப்போது சிகிச்சைக்குப் போகலாமா? கூடாது. அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. காப்பி எடுங்கள். எந்தச் சோதனைக்கும் முன்னால், எந்த மருந்துக்கும் முன்னால், போட்டோ, கணக்கு, எழுதியது எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டு மெஷின். ஆறு மாதமாகவே மந்தம். அவ்வப்போது ஒரு நிமிஷம் நிற்கும், பிறகு ஓடும். வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். "பைல்கள் சிதறிக் கிடக்கிறது, அடுக்கி வைத்தால் சரியாகிவிடும்" என்று ராத்திரி முழுக்க டிப்ராக் ஓட விட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற டிஸ்க். அதை மலை ஏறச் சொன்னால் என்ன ஆகும்? காலையில் 'கிளிக் கிளிக்' என்று சத்தம் மட்டும் வந்தது. என்னிடம் வந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை. அதில் காலமான அவர் மனைவியின் படங்கள் இருந்தன. ஆறு மாதம் அந்த டிஸ்க் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் காதில் வாங்கவில்லை. முதல் நாளே காப்பி எடுத்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

ஆகவே டிஸ்க் மேல் சந்தேகம் இருந்தால் டிப்ராக் வேண்டாம், செக்டிஸ்க் வேண்டாம், பார்மேட் வேண்டவே வேண்டாம். முக்கியமானதை முதலில் எடுங்கள். மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. லினக்ஸில் ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. நன்றாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளி வைக்கும். சாகக் கிடக்கிற டிஸ்க்கிடம் அப்படித்தான் பேச வேண்டும்.

சரி, காப்பி எடுத்தாகிவிட்டது. இப்போது சோதனை.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிராசஸர், மெமரி, டிஸ்க் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் வேலையில் இருக்கிறது என்று காட்டும். நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி. நம் 2013 மெஷினில் அநேகமாக டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். இங்கேதான் கவனிக்க வேண்டும். டிஸ்க் 100 சதவீதம் என்பதற்கு மூன்று காரணம் இருக்கலாம்.

ஒன்று, டிஸ்க் கெட்டுப் போயிருக்கலாம். டிஸ்க் தட்டில் ஓர் இடம் பலவீனமானால், அங்கே இருப்பதைப் படிக்க அது திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். பல விநாடிகள், சமயத்தில் ஒரு நிமிஷம்கூட ஆகும். அதுவரை விண்டோஸ் கை கட்டிக் காத்திருக்கும். சிறிது நேரம் நின்று, பிறகு ஓடுகிற உறைதலுக்கு இதுதான் முக்கியமான காரணம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பக்கத்தைத் திறந்தால் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஒரு வரி இருக்கும். நல்ல டிஸ்க் சில மில்லி விநாடியில், வேலை மும்முரத்தில் சில பத்து மில்லி விநாடியில் பதில் சொல்லும். சும்மா இருக்கும்போதே ஆயிரக் கணக்கில் காட்டினால் அபாயம்.

டிஸ்க்குக்குள்ளேயே ஒரு டைரியும் இருக்கிறது. 'ஸ்மார்ட்' என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். அதில் நிறைய வரி இருக்கும், பயப்பட வேண்டாம், நான்கு எண்ணைப் பாருங்கள். 5-ஆம் எண், கெட்ட இடங்களுக்குப் பதிலாக மாற்று இடம் எத்தனை கொடுக்கப்பட்டது என்று சொல்லும். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்கள். 198, திருத்தவே முடியாதவை. இவை பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யத்தைத் தாண்டி, வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். நான்காவது 199. இது வேறு கதை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே போகும் கேபிளில் சேதி சிதைகிறது என்று சொல்வது. இந்த எண் ஏறினால் டிஸ்க்கை மாற்றாதீர்கள், அந்த சாட்டா கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, மேலே ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். சின்னக் கேபிளுக்காக நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது காரணம் மெமரி பற்றாக்குறை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. டிஸ்க்தானே ஓடுகிறது, மெமரியை ஏன் சொல்கிறாய் என்பார்கள். ஹாஸ்டலில் நம் படிப்பு மேஜை ஞாபகம் இருக்கிறதா? சின்ன மேஜை, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி. மேஜையில் நான்கு புத்தகம்தான் கொள்ளும். ஐந்தாவது வேண்டுமென்றால் ஒன்றைப் பெட்டியில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்க வேண்டும். பத்துப் புத்தகத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தால், படிக்கிற நேரத்தைவிடக் குனிந்து நிமிர்கிற நேரம் அதிகமாகும். மேஜைதான் மெமரி, பெட்டிதான் டிஸ்க். 1968-லேயே பீட்டர் டென்னிங் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி இதை ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார். 'த்ராஷிங்' என்று பெயர். அறையளவு கம்ப்யூட்டருக்கு வந்த அதே வியாதிதான் நம் வீட்டு 4 ஜி.பி. மெஷினுக்கும் வருகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா பாருங்கள். பிரௌசரை முழுக்க மூடுங்கள். ஐந்து நிமிஷத்தில் டிஸ்க் அடங்கினால் நோய் மெமரிதான். இன்னொரு 4 ஜி.பி. போட்டால் மெஷின் வேறு ஆளாகிவிடும்.

மூன்றாவது காரணம், டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது, மெமரியும் போதும், ஆனால் அந்த டிஸ்க்கின் பிறவி வேகமே அவ்வளவுதான். நம் பௌதிகக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 7200 சுற்று, அதாவது விநாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லி விநாடி. ஊசி நகர்ந்து சரியான வட்டத்துக்கு வர இன்னொரு 8, 9 மில்லி விநாடி. ஆகக் கூடி ஒரு தடவைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. அப்படியானால் விநாடிக்கு எண்பது தடவைக்குமேல் இங்கேயும் அங்கேயும் ஓட முடியாது. எஸ்.எஸ்.டி.-யில் சுற்றுவதும் இல்லை, ஊசியும் இல்லை. விநாடிக்கு ஆயிரக் கணக்கில் எடுத்துத் தரும். இன்றைய மென்பொருள் சின்னச் சின்ன பைல்களை ஆயிரக் கணக்கில் கேட்கிறது. பழைய டிஸ்க் பாவம், என்ன செய்யும்? பழைய டெஸ்க்டாப்புக்கு ஒரே ஒரு பொருள் வாங்கிப் போடக் காசு இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கள் என்பேன். ஆனால் எஸ்.எஸ்.டி.-க்கு டிப்ராக் தேவையில்லை. அது தேய்மானம்தான்.

அடுத்தது சூடு. பிராசஸர் மேல் ஒரு அலுமினியக் கட்டை, அதன் மேல் பேன். நடுவில் ஒரு பசை. பத்து வருஷத்தில் பசை காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். தூசி அலுமினிய மடிப்புகளை அடைத்துவிடும். தறி ஓடுகிற ஊர்களில் வீட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பஞ்சு மெத்தையே இருக்கும்! பெரும்பாலான இன்டெல் பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2000-இல் வந்த பென்டியம் 4 காலத்திலிருந்தே இந்தத் தற்காப்பு இருக்கிறது. அதையும் மீறிச் சூடு ஏறினால் மெஷின் அணைந்துவிடும்.

ஒரு அலுவலக மெஷின், போட்டு இருபது நிமிஷத்தில் மந்தமாகி, அப்புறம் நின்றுவிடும். இரண்டு தடவை பார்மேட் செய்திருந்தார்கள். திறந்து பார்த்தால், அந்தக் கூலரைப் போர்டோடு பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று உடைந்திருக்கிறது. கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இதற்கு எந்த பார்மேட் என்ன செய்யும்? பழைய பசையைத் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புதுப் பசை வைத்து, ஊசியை மாற்றியதும் சரியாகிவிட்டது. தூசி தட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். இல்லாவிட்டால் பேன் கண்டபடி சுற்றிப் பேரிங் போய்விடும்.

மெமரி பற்றாக்குறை ஒன்று, மெமரி கெடுவது இன்னொன்று. கெட்ட மெமரி மந்தத்தைத் தராது. நேரம் காலம் இல்லாமல் முழு உறைதலையும் நீலத் திரையையும் தரும். இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு வேறு மாதிரி. ஒழுங்கே இல்லாத நோய் என்றால் மெமரியைச் சந்தேகியுங்கள். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழைகூட வரக் கூடாது. ஒன்று வந்தாலும் தோல்விதான், இங்கே பாஸ் மார்க் நூற்றுக்கு நூறு. பிழை வந்தால் உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். கடலோர ஊர்களில் மெமரிக் கட்டையின் விளிம்பில் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். கழற்றி, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, அழுத்திப் பொருத்தி மறுபடி சோதியுங்கள். இரண்டு கட்டை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான்.

கடைசியாக மின்சாரம். பெட்டிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். நமக்கு 12 வோல்ட், 5 வோல்ட் எல்லாம் தருகிறது. ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்பது விதி. 12 என்பது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த பௌதிக மாணவர்கள் வெளியே வரும் கம்பியில் அளக்கலாம். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு வோல்டேஜ் நிற்கும்.

போர்டு மேல் சின்னச் சின்ன டப்பா மாதிரி நிற்கும் கெபாசிட்டர்களையும் ஒரு பார்வை பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தால் கெட்டுப் போயிற்று. 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது ஒரு கொள்ளை நோயாகவே உலகம் முழுக்க வந்தது. இவற்றின் ஆயுளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி. மேஜைக்குள் காற்றோட்டம் இல்லாத அறையில் பெட்டியைத் தள்ளி வைப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்து எல்லாம் சரி என்றால் அப்புறம்தான் மென்பொருள். இதில் அதிகம் சொல்ல இல்லை. இரண்டு ஆன்டி வைரஸ் போட்டிருந்தால் ஒன்றை எடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும். மெஷின் போட்டதும் தானாக வரும் புரோகிராம்களை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் நிறுத்துங்கள். சி டிரைவில் கொஞ்சம் காலி இடம் வையுங்கள். வாரம் ஒரு தடவை மட்டும் மெஷின் போடுகிற பெரியவர்கள், போட்டதும் ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். ஒரு வாரத்து அப்டேட், ஸ்கேன் எல்லாம் ஒரேயடியாகப் பாயும். அது முடியட்டும், நீங்கள் காப்பி சாப்பிட்டு வாருங்கள்.

நோய் உடம்பிலா மனதிலா என்று தீர்மானிக்க ஒரு வழி சொல்கிறேன். லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றை பென் டிரைவில் போட்டு, விண்டோஸைத் தொடாமல் அதிலிருந்தே மெஷினை ஓட்டுங்கள். அதிலும் உறைந்தால் குற்றம் இயந்திரத்தில், பெரும்பாலும் மெமரி, சூடு, மின்சாரம். அதில் ஒரு நாள் முழுக்க நன்றாக ஓடினால் டிஸ்க்கையோ விண்டோஸையோ பாருங்கள். இப்போது பார்மேட் செய்தால் அது காரணம் தெரிந்து செய்த பார்மேட்.

மாணவர்களுக்கு இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். கேபிளை மாற்றி, மெமரியைத் துடைத்து, பசை வைத்து, விண்டோஸும் புதிதாகப் போட்டால் மெஷின் சரியாகிவிடலாம். எதனால் என்று தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி எல்லாவற்றையும் செய்ய வேண்டும். லேபில் ஒரு அளவை மாற்றும்போது மற்றதை நிலையாக வை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் இல்லையா? ரெக்கார்டு நோட்டில் மார்க் வாங்க மட்டும் அதைச் சொல்லவில்லை.

பேசி முடித்ததும் முன் வரிசையிலிருந்து ஒரு அண்ணன் கேட்டார். "இதெல்லாம் சரி தம்பி, எப்பத்தான் தூக்கிப் போடுறது?"

நியாயமான கேள்வி. போர்டு போய்விட்டால் போதும், நிறுத்திக்கொள்ளலாம். பழைய போர்டு தேடிப் பிடித்துப் போட்டால் அதுவும் அதே வயசுதான். டிஸ்க், மெமரி, பசை, கேபிள், எஸ்.எம்.பி.எஸ். இவற்றில் ஒன்று என்றால் மாற்றிப் பார்க்கலாம். மூன்று சேர்ந்து போயிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொரு விஷயமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நம் 2013 மெஷினை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட மெஷினில் பாங்க் வேலை செய்ய வேண்டாம். லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் எழுத, படிக்க, பிள்ளைகள் பழக நன்றாக உழைக்கும். எப்படியிருந்தாலும், தூக்கிப் போடும்போது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாணவி கேட்டார். "எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல நெட்டே வர மாட்டேங்குது சார், எந்தப் பக்கம் போனாலும் பாதுகாப்பு இல்லைன்னு சொல்லுது."

தேதியைப் பாரும்மா என்றேன். பத்து வருஷம் பின்னால் காட்டுகிறது என்றார். போர்டில் சி.ஆர்.2032 என்று ஒரு நாணய அளவு பாட்டரி இருக்கும். அது தீர்ந்தால் பிளக்கைப் பிடுங்கியதும் கடிகாரம் மறந்துபோகும். தேதி தவறாக இருந்தால் இணையப் பக்கங்களின் சான்றிதழ் எதுவும் செல்லாது. ஒரு சின்ன பாட்டரி வாங்கிப் போட்டால் தீர்ந்தது. இதற்காகவும் பார்மேட் செய்தவர்கள் உண்டு.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். பௌதிக லேபில் மல்டிமீட்டர் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பழைய மெஷின் வைத்திருக்கிறவர்கள் கொண்டு வரலாம் என்று ஒரு ஏற்பாடு செய்தால் என்ன? ரிப்பேர்கூட வேண்டாம். வந்ததும் காப்பி எடுத்துக் கொடுங்கள், டிஸ்க்கின் நான்கு எண்களைப் படித்துச் சொல்லுங்கள். அது போதும். சங்கம் இரண்டு காலி டிஸ்க் வாங்கித் தரட்டும், நான் அந்தச் சனிக்கிழமைகளில் வந்து உட்காருகிறேன்.

இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் அந்தத் துணியை எடுங்கள். மெஷின் மெதுவாகத்தான் திறக்கும். திட்டாதீர்கள். திறக்கிற வரைக்கும் லாபம் என்று நினைத்து, முதல் வேலையாகப் படங்களை இன்னொரு இடத்துக்கு மாற்றுங்கள். மற்றதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.